திங்கட்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய கிளப் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

நம் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் கேடிகள் ஒதுங்குகிற ஷெட், அதன் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. மழைக்கோட்டு மாட்ட அடித்தது. போன புதன்கிழமை காலை அதில் உங்கள் அறிவிப்பு தொங்கியது. ஆங்கிலத்தில் அரைப் பக்கம். அப்போது ஷெட்டில் இருந்த முப்பது பேரில் அதை முழுசாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். நான் வாசித்துச் சொன்னேன். இந்த மடலைத் தமிழில் எழுதுவது அதனால்தான். யாரைப் பற்றிய பேச்சோ அவர்களுக்கும் புரிய வேண்டும்.

திறந்த மடலாக எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. மறுநாளே மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மெம்பர் அல்லாதவர்களிடம் மனு வாங்கும் வழக்கம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் மேல் குற்றமில்லை, அவரும் சம்பளக்காரர்.

அறிவிப்பில் இருப்பது இரண்டு விஷயம். அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து திங்கட்கிழமைகளில் கேடிகள் மைதானத்தில் ஆடக் கூடாது. கேடியாக இருந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர்கள், ஒரு மெம்பர் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டும், விருந்தாளிக் கட்டணம் கட்டி ஆடலாம். புல்தரைப் பராமரிப்பு, பாதுகாப்பு என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள்.

வெளியாட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் திங்கட்கிழமை எங்களுக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் மெம்பர்கள் ஆடுவார்கள். திங்களன்று மைதானத்துக்கு ஓய்வு. அன்று காலை ஐந்தரை மணிக்குக் கேடிகள் வரிசையாக நின்று, ஃபேர்வே என்கிற புல்பாதையில் ஆறு நாளாக அடிபட்டுப் புல் பெயர்ந்த டிவட் பள்ளங்களை மணல் போட்டு நிரப்புவோம். பங்கர் என்கிற மணல்குழிகளை வாரிவிடுவோம். ஹோல், அதாவது பந்து போய் விழ வேண்டிய குழி, இருக்கும் புல்தரையான கிரீனில் பந்து விழுந்த பள்ளங்களைக் கிண்டிச் சமன் செய்வோம். இதற்குக் கூலி கிடையாது. புல் வெட்டும் வண்டி ஒதுங்கிய பிறகு, பத்து மணிக்கு மேல், நாங்கள் ஆடிக்கொள்ளலாம். எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. நான் வந்த நாளிலிருந்து நடக்கிறது. எனக்கு முன்னால் இருந்த அண்ணன்மார்களும் அப்படி ஆடியவர்கள்தான்.

நான் வந்தது 1985-ல். பதினோரு வயது. முதலில் பந்து எங்கே விழுகிறது என்று முன்னால் ஓடிப் பார்க்கிற வேலை. அடுத்த வருடம் தோளில் பேக் ஏறியது. கிளப் என்று சொல்கிற பந்தடிக்கும் மட்டைகள் பதினான்கும் பந்துகளும் குடையும் சேர்ந்தால் அந்தப் பை என் எடையில் பாதி இருக்கும். பதினெட்டு ஹோல் சுற்றி வந்தால் எட்டு ரூபாய். மெம்பருக்கு ஆட்டம் சரியாக வராத நாளில் அதற்கும் ஒரு முகச்சுளிப்பு.

கேடிக்குக் கோல்ஃப் யாரும் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் வரும். கிரீனில் புல் வெளிறித் தெரிந்தால் அது நம்மை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, பந்தை இழுத்துப் பிடிக்கும். இது பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். ஈரத் தரையில் எந்த நம்பர் ஐயன், அதாவது இரும்புக் கிளப், எடுக்கணும், எதிர்க்காற்றில் ஒரு நம்பர் குறைக்கணுமா இரண்டு நம்பரா என்பதும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு வர வேண்டுமே. ஆறு நாள் அடுத்தவர் கையில் பார்த்ததை ஏழாம் நாள் சொந்தக் கையால் அடித்துப் பார்த்தால்தான் அது ஆட்டம். திங்கட்கிழமை இல்லாவிட்டால் நான் நல்ல கேடியாக இருந்திருப்பேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

என் முதல் கிளப் கட்டடக் கம்பி. முனையைக் கல்லில் வைத்துத் தட்டி வளைத்தது. பந்து, குட்டையில் முங்கி எடுத்தது. 1987-ல் ஒரு பெரியவர், இதே கிளப்பின் பழைய மெம்பர், தான் ஒதுக்கி வைத்திருந்த ஒரு 7-ஐயனைக் கொடுத்தார். நான்கு வருடம் அந்த ஒரு கிளப்பில்தான் எல்லாமும். முதல் அடி அடிக்கிற டீயிலும் அதுதான், மணலிலும் அதுதான், கிரீனில் அதன் கீழ் விளிம்பால் பந்தின் வயிற்றைத் தட்டிக் குழிக்கு உருட்டிப் புட் போடுவேன். ஸ்பெயினில் செவே பாயஸ்டரோஸ் என்று ஒருவர் ஒரே ஒரு 3-ஐயனை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஆடிப் பழகித்தான் உலகத்தை ஜெயித்தார் என்று அந்தப் பெரியவர்தான் சொன்னார். அவரும் கேடி வேலை பார்த்தவராம். "உன்கிட்ட இருக்கறது செவன். அவரை விட நாலு நம்பர் கூடத்தான்டா இருக்கு" என்று சிரித்தார்.

1999-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனேன். 2014 வரை ஆடினேன். கோல்ஃப் ஆட்டக்காரர் என்றாலே காரில் வந்து இறங்குகிறவர் என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் இறங்கியது கோரமண்டல் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து. ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, சண்டிகர், டெல்லி. அஸ்ஸாமில் திக்பாய் வரைக்கும் மூன்று நாள் ரயில். பேக்கைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவோம். லாட்ஜில் ஒரு அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர். எல்லோரும் எங்களைப் போலவே ஏதோ ஒரு ஊரின் கேடி ஷெட்டிலிருந்து கிளம்பியவர்கள்.

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. நூறு பேருக்கு மேல் ஆடுவார்கள். இரண்டு நாள், முப்பத்தாறு ஹோல் முடிந்ததும் முதல் ஐம்பது பேர், அவர்களோடு சமமாக நிற்பவர்கள், இவ்வளவு பேருக்குத்தான் மிச்ச இரண்டு நாளும் பரிசுப் பணமும். மற்றவர்களுக்கு ஒரு பைசா வராது. நுழைவுக் கட்டணம், ரயில், லாட்ஜ், சாப்பாடு, நம் பேக்கைத் தூக்குகிறவருக்குக் கூலி, அத்தனையும் கைக்காசு. அந்த ஐம்பதுக்குள் வராவிட்டால் 'கட் போச்சு' என்று வீட்டுக்குப் போன் பண்ணுவோம். அந்த இரண்டு வார்த்தைக்கு வீட்டில் என்ன அர்த்தம் என்பதை இங்கே விரிக்க விரும்பவில்லை. போட்டி இல்லாத வாரங்களில் திரும்பி வந்து உங்கள் பேக்கைத் தூக்கினேன். முதல் நாள் மாலைதான் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் கடைசி வரியில் என் பெயர் வந்திருக்கும். மறுநாள் காலை ஆறரைக்கு முதல் டீயில், "சார், டிரைவரா, த்ரீ வுட்டா?" என்று, எந்தக் கிளப் வேண்டுமெனக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமைக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 2004-ல் நம் கிரீன்களை எல்லாம் பெயர்த்துப் புதுப்புல் போட்டீர்கள். மூன்று மாதம் மைதானம் மூடியிருந்தது. நியாயமான வேலை, குறை சொல்லவில்லை. அந்த மூன்று மாதம் நான் ரயில்வே தண்டவாளத்தை ஒட்டிய பொட்டலில் பந்தடித்தேன். அடிக்க இடம் இருந்தது, புட் போட இடம் இல்லை. அந்தக் காலத்தில் ஆறு போட்டி ஆடினேன். ஐந்தில் கட் போச்சு. அதில் மூன்று, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில். ஜாம்ஷெட்பூரில் கடைசி ஹோலில் நாலடி தூரத்துப் புட், இடது பக்கம் வளையும் என்று கண் சொல்கிறது, எவ்வளவு தட்டணும் என்பது கைக்கு மறந்துவிட்டது. மைதானம் திறந்து எட்டாவது வாரத்தில் நான் ஒரு போட்டியில் ஏழாவதாக வந்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே கிளப்புகள், அதே ரயில்.

எனக்கு ஒருவனுக்கு நடந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டி 1964-ல் தொடங்கியது. 1965-ல் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத அமெச்சூராக பி.ஜி. சேத்தி ஜெயித்தார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு இந்தியர் யாரும் ஜெயிக்கவில்லை. 1991-ல் அதை உடைத்தவர் அலி ஷேர், டெல்லியில் பேக் தூக்கியவர். அது அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். 1993-ல் மறுபடியும் ஜெயித்தார். 2009-ல் பெங்களூரின் முன்னாள் கேடி சி. முனியப்பா, சமநிலையை உடைக்க ஆடும் பிளேஆஃபில் ஒரு கொரிய வீரரை வென்று அதே கோப்பையை எடுத்தார். 2016-லும் 2017-லும் எடுத்த எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா மைதானத்தில் புல்தரை பார்த்தவரின் மகன். இவர்கள் யாருக்கும் மெம்பர் அட்டை பிறப்போடு வரவில்லை. எங்கோ ஒரு மைதானத்தில், யாரோ ஒரு செயலாளர், ஆள் இல்லாத நேரத்தில் இந்தப் பையன்கள் அடித்துக்கொள்ளட்டும் என்று கண்டும் காணாமலும் இருந்திருக்கிறார். இந்திய கோல்ஃபின் பாதி வரலாறு அந்தக் கண்டும் காணாமையில் விளைந்தது என்பது என் எண்ணம். அதைத்தான் அரைப் பக்கத்தில் மூடுகிறீர்கள்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

புல்தரை. திங்களன்று ஆடுபவர்கள் இருபது பையன்கள், அவர்களுக்குள் ஐந்தாறு பேக். ஒருவன் அடித்ததும் அடுத்தவன் அதே கிளப்பை வாங்கி அடிப்பான். அடித்த இடத்தில் பெயர்ந்த புல்லை எடுத்து வைத்துக் காலால் மிதித்துவிட்டுத்தான் நகருவான், ஏனென்றால் அதை நிரப்பப் போவதும் அவனே. ஞாயிறு மாலை ஏழாவது ஹோல் பங்கரைப் போய்ப் பாருங்கள். பிறகு திங்கள் மாலையும் பாருங்கள். எந்த மாலையில் காலடித் தடங்கள் அதிகம் என்று நான் சொன்னால் மரியாதையாக இருக்காது. இன்னொன்றும் காதில் விழுந்தது. திங்கட்கிழமைகளில் மைதானத்தை நிறுவனப் போட்டிகளுக்கு வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்று. அது உண்மையானால் புல்லுக்கு ஓய்வு என்ற பேச்சே வேண்டாம். கிளப்புக்கு வருமானம் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள், எங்களுக்கும் புரியும். அதற்கு வேறு வழி பேசலாம்.

பாதுகாப்பு. ஆறு நாளும் உங்கள் கார்ச் சாவி, கைக்கடிகாரம், பர்ஸ், போன் எல்லாம் நாங்கள் தூக்கும் பேக்கின் பக்கவாட்டுப் பையில் கிடக்கின்றன. ஒரு மெம்பர் தன் மனைவியின் மோதிரத்தைக் கொடுத்து வைத்துவிட்டு மறந்து போய், மறுநாள் ஒரு பையன் ஷெட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது உங்களில் சிலருக்கே நினைவிருக்கும். ஏழாம் நாள் மட்டும் அந்தப் பையன் எப்படி ஆபத்தானவன் ஆனான்?

தப்பே நடக்கவில்லை என்று சாதிக்க வரவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு திங்களன்று நாலு பையன்கள் பந்தயம் கட்டி ஆடி, பதினோராவது கிரீனில் கைகலப்பு ஆகி, கொடிக்கம்பை முறித்துவிட்டார்கள். கேடி மாஸ்டர் நால்வரையும் ஒரு மாதம் வெளியே நிறுத்தினார், கொடிக்கம்புக்குக் காசும் பிடித்தார். சரியான தண்டனை. நானாக இருந்தால் இரண்டு மாதம் நிறுத்தியிருப்பேன். ஆனால் நாலு பேர் செய்ததற்கு, அப்போது இங்கே சேராத பையன்களுக்கும் சேர்த்து மைதானத்தை மூடுவது தண்டனை ஆகாது.

மெம்பர் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனைதான் எனக்குப் பிடிபடவே இல்லை. இருபது வருடம் யாருடைய பேக்கைத் தூக்கினேனோ அவரிடம் போய், "சார், நான் புட் பழகணும், மூணு மணி நேரம் எங்கூட வந்து நில்லுங்க" என்று கேட்க வேண்டுமா? அவருக்கு வேலை இல்லையா? அவர் வந்தாலும் விருந்தாளிக் கட்டணம் நாலு நாள் கேடிக் கூலி. ஒரு வாரத்துக்கு நாலு நாள் கூலியைப் பயிற்சிக்குக் கட்டிவிட்டு எந்த வீட்டில் சோறு பொங்குவது?

இப்போது ஷெட்டில் ஒரு பையன் இருக்கிறான். பத்தொன்பது வயது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவனுக்கு நல்லதில்லை. முந்தின மாதம் ஒரு திங்களன்று தள்ளிப் பின்னால் இருக்கும் டீயிலிருந்து ஆடி 68 ஸ்ட்ரோக்கில் சுற்றை முடித்தான். இரவல் கிளப், அதில் டிரைவர் ஒரு மெம்பருடையது, 5-ஐயன் என்னுடையது. என் ஐம்பது வயதுக் கண்ணால் சொல்கிறேன், அவன் கை என் கையை விட நல்ல கை. தகுதிச் சுற்றுக்குத் தயார் ஆகிக்கொண்டிருக்கிறான். அதற்குள் அவனுக்கு மிச்சம் இருப்பது இருபது திங்கட்கிழமை என்று விரல் விட்டு எண்ணி வைத்திருந்தான். அறிவிப்பை நான் வாசித்து முடித்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை. "மூணு போச்சுண்ணா, பதினேழு போச்சுண்ணா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த மாதம் தொடங்குவதற்குள் மூன்று திங்கள்தான் இருக்கிறது. மூன்று மிச்சம், பதினேழு போச்சு என்றேன்.

உங்கள் மண்டபச் சுவரில் இருக்கும் என் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007-ல் நான் ஒரே ஒரு போட்டி ஜெயித்தேன். கிளப் எனக்குப் பாராட்டு விழா வைத்தது. புல்வெளியில் சால்வை போட்டீர்கள், நெஞ்சார நன்றி. விழா முடிந்து எல்லோரும் உள்ளே விருந்துக்குப் போனார்கள். நான் சால்வையோடு ஷெட்டுக்குப் போனேன். யாரும் என்னை வரக் கூடாது என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அந்த 7-ஐயன் கொடுத்த பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். தென்னாப்பிரிக்காவில் பாப்வா செவ்கோலம் என்று ஓர் ஆட்டக்காரர், இந்திய வம்சாவளி, கேடியாக இருந்தவர், வலது கைக்குக் கீழே இடது கையை வைத்துத் தலைகீழாகக் கிளப் பிடிப்பவர். 1959-லேயே டச்சு ஓப்பன் ஜெயித்தவர். 1963-ல் டர்பனில் நேட்டால் ஓப்பனை ஜெயித்தார். நிறவெறிக் காலம். கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்க, கோப்பையை வெளியே மழையில் நிறுத்திக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர், "உனக்கு மழை பெய்யலை, அவ்வளவுதான்" என்றார்.

அவர் இன்னொன்றும் சொல்வார். நூறு வருடம் முன்பு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்கூடத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு கிளப் கட்டடத்தில் இடம் இல்லை. 1920-ல் வால்டர் ஹேகன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இங்கிலாந்தில் டீல் மைதானத்துக்குப் போனபோது, வாடகைக்கு எடுத்த பெரிய காரை கிளப் வாசலுக்கு நேரே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றினார். அதே வருடம் அமெரிக்காவில் இன்வர்னெஸ் கிளப், யு.எஸ். ஓப்பன் ஆட வந்தவர்களுக்குத் தன் கதவைத் திறந்தது. அவர்கள் எல்லோரும் காசு போட்டு அந்த கிளப்புக்கு ஒரு பெரிய நிலைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். கதை சொல்லிவிட்டு, நம் கிளப்புக்குக் கடிகாரம் தேவைப்படாது போலிருக்கிறது என்பார். பெரியவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த மடலை நான் எழுத வேண்டியிருக்காது, குழுக் கூட்டத்திலேயே அவர் சத்தம் போட்டிருப்பார்.

அந்த 2007 வெற்றியின் படம் உங்கள் மண்டபத்தில் தொங்குகிறது. 'நமது கிளப்பின் பெருமை' என்று கீழே எழுதியிருப்பதாகச் சொல்வார்கள். நான் அதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு மெம்பரின் பேக்கை லாக்கர் அறைக்குக் கொண்டுபோனபோது சமையலறைப் பக்கத்துக் கதவு இடுக்கு வழியாக.

நான் கேட்பவை இவை.

இந்த அறிவிப்பை 1-ஆம் தேதிக்கு முன் திரும்பப் பெறுங்கள். திங்கட்கிழமையை வாடகைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், அதற்கு ஈடாக வாரத்தில் வேறு ஓர் அரைநாளை எழுத்தில் கொடுங்கள். செவ்வாய், புதன் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை மைதானத்தில் ஈ காக்கை இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும். பள்ளம் நிரப்புகிற வேலையை அந்த நாளுக்கு நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்.

கேடி ஷெட்டிலிருந்து தொழில்முறைக்குப் போனவர்கள் இன்றைக்கு நம் மைதானத்தில் ஏழு பேர். அந்த ஏழு பேருக்கும், தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கும் மெம்பர் துணை இல்லாமல், கட்டணம் இல்லாமல் பயிற்சி ஆட அட்டை கொடுங்கள். தப்பு நடந்தால் அட்டையைப் பிடுங்குங்கள். யார், எப்போது ஆடினான் என்று கேடி மாஸ்டரிடம் நோட்டு இருக்கட்டும். சேதம் ஆனால் அந்த நோட்டைப் பார்த்து எங்கள் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேடிகளைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்துக்கு ஷெட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். ஓட்டுரிமை வேண்டாம், பேச ஐந்து நிமிடம் போதும். இனி ஷெட்டில் ஒட்டுவது எதுவானாலும் தமிழிலும் இருக்கட்டும்.

இவற்றில் எதுவுமே முடியாது என்று குழு முடிவு செய்தால், கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். மண்டபத்தில் இருக்கும் என் படத்தைக் கழற்றி ஷெட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மாட்டுவதற்கு ஆணி இருக்கிறது. உங்கள் அறிவிப்பை எடுத்துவிட்டு அதில் மாட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
1985 முதல் இந்த மைதானத்தில் இருக்கும் ஒரு கேடி